ஊற்றங்கரை வாத்தியாரம்மா

அந்த அம்மாளிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "இன்னிக்கு மழை வரும்" என்றால்கூட, "பாத்ததா, கேட்டதா?" என்பார். மேகத்தைப் பார்த்துச் சொல்கிறோமா, ஆபீசில் யாரோ சொன்னதைக் கொண்டுவந்து கொட்டுகிறோமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டதுதான் என்று ஒப்புக்கொண்டால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. "அப்ப வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாமும் பின்னாலேயே போக வேண்டும். நான் போன தடவைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முழங்கால் வலிக்கிறது.

மலாயாவில், கூலாய் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. இருபத்தாறு வயது, ஒரு கோட்டு, ஒரு சைக்கிள், ஊரிலிருந்து வந்த எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம். இவ்வளவுதான் நான். அந்த அம்மாளின் புருஷன்தான் முதலில் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தார். வந்த வருஷமே வைகாசியில் குளிர்காய்ச்சல் கண்டு போய்விட்டார். வேறு வாத்தியார் யாரும் காய்ச்சல் தோட்டத்துக்கு வர ஒப்பவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் இந்த அம்மாள் நேராக ஆபீசுக்கு வந்து, "பள்ளிக்கூடத்த நான் நடத்துறேன்னு தொரைகிட்ட சொல்லுங்க" என்றார். நடத்த முடியுமா என்று துரை கேட்கச் சொன்னார். கேட்டேன். "நடத்திக் காட்டுறேன், வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். அன்று முதல் அவர் வாத்தியாரம்மா. பேர் என்னவென்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் பாடம் நடத்தி நான் பார்த்ததே குறைவு. காலையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை வெளியே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை என்றால் காலையிலிருந்தே வெளியில்தான். பெரிய கிராணி இதை "மேய்ச்சல்" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்ததற்குச் சீக்கிரமே கூலி கிடைத்தது. ஒருநாள் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கு எடுக்கிற நேரத்தில், "நாளைக்கு ஹெல்த் ஆபீசர் வர்றார், லயத்து வீடெல்லாம் சுத்தமா இருக்கணும்" என்று உரக்கச் சொன்னேன். அம்மாவோடு வந்திருந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி, "கிராணியாரே, பாத்ததா, கேட்டதா?" என்றாள். இருநூறு பேர் சிரித்தார்கள். ஹெல்த் ஆபீசரும் மறுநாள் வரவில்லை.

புலி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நாலாம் நம்பர் காட்டில் புலி நடமாடுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ரப்பர் பால் எடுக்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியாரம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "யாரு பாத்தது?" ஒருவரும் பார்க்கவில்லை. "அப்ப நான் போறேன். கிராணி, நீங்களும் வாங்க." துரை எதிரில் இருந்தார். வரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போனோம். ஓடை மணலில் கால்தடம் இருந்தது. அவர் குனிந்து தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். தடம் கையைவிடப் பெரியதாக இருந்தது. அந்த வழியாக வந்த பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, புலியின் பேரைச் சொல்லாமல், பாட்டன் என்கிற அர்த்தத்தில் "டத்தோ" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். எனக்கு வேட்டி அவிழாத குறை. அந்த அம்மாள் நிதானமாகத் திரும்பி வந்து கூட்டத்தைப் பார்த்து, "புலிதான். பாத்தாச்சு. ஒரு வாரம் யாரும் போவாதீங்க" என்றார். புலி இருக்காது என்று தான் நினைத்தது தப்பாகிப்போனதில் ஒரு சின்ன வருத்தம்கூட அந்த முகத்தில் இல்லை.

இனி காய்ச்சல். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் மாரியம்மன் திருவிழா நடக்கும். லயங்களுக்கு மேலே, சரிவில், ஒரு ஊற்று இருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அங்கேதான் கரகம் ஜோடித்துப் பூசை போட்டுத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு இறங்குவார்கள். ஆத்தா வந்து இறங்குகிற இடம் என்பதால், திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னாலேயே ஊற்றைச் சுற்றியும், அதிலிருந்து ஓடுகிற ஓடையின் இரண்டு கரையிலும் இருக்கிற புதரையும் பெரணியையும் வெட்டித் தரை தெரியப் பெருக்கிவிடுவார்கள். திருவிழா முடிந்து வைகாசி பிறந்ததும் குளிர்காய்ச்சல் வரும். பிள்ளைகள்தான் முதலில் விழும். ஆத்தாவுக்குக் குறை வைத்துவிட்டோம், இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று கூலி ஆட்களை நடத்துகிற கங்காணி சொல்வார். அடுத்த வருஷம் இன்னும் அதிகமாக வெட்டுவார்கள். அடுத்த வைகாசியில் காய்ச்சலும் இன்னும் அதிகமாக வரும். கங்காணி கெட்ட மனுஷர் இல்லை. அவருடைய பேத்தியும் அந்தக் காய்ச்சலில்தான் போனாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஒரு படம் வைத்திருந்தார். சாதாரணக் கொசுவின் புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும், மலேரியாக் கொசுவின் புழு தண்ணீர்மேல் படுத்த வாக்கில் கிடக்கும் என்று அதில் போட்டிருந்தது. அழுக்குத் தண்ணீரில்தான் கொசு இருக்கும் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. ஆகவே சாக்கடையிலும் குட்டையிலும் வாராவாரம் எண்ணெய் ஊற்றினோம். ஊற்றில் ஊற்றவில்லை. ஆத்தாவின் தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்ற யாருக்குக் கை வரும்?

வாத்தியாரம்மா அந்தப் படத்தை டிரஸ்ஸரிடமிருந்து வாங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது கேட்டது. இனி நாம பாக்கணும்." நான் காப்பி குடிக்கிற வெள்ளை மங்குக் குவளை அவர் கண்ணில் பட்டது. வெள்ளையில்தான் புழு தெரியுமாம். அன்றோடு அந்தக் குவளை எனக்கு இல்லாமல் போயிற்று. அதன் காதை ஒரு மூங்கில் கம்பில் கட்டி, சனிக்கிழமைதோறும் சாக்கடை, குட்டை, ஊற்று, ஓடை என்று ஒவ்வோர் இடமாக மொண்டு பார்த்தார்கள். தொங்குகிற புழுவைக் கண்டால் சிலேட்டில் நிமிர்ந்த கோடு, படுத்த புழுவைக் கண்டால் படுத்த கோடு. அதை ஒரு நோட்டில் அவர் ஏற்றிக்கொள்வார். படுத்த புழுவில் நாலைந்தைப் பிடித்து, ஜாடியில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வளர்த்தார். அது கொசுவாகி, வாலைத் தூக்கிக்கொண்டு ஜாடிச் சுவரில் உட்கார்ந்த அன்று டிரஸ்ஸரையே கூப்பிட்டுக் காட்டினார். டிரஸ்ஸர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானும் இப்பத்தாம்மா பாக்கிறேன்" என்று ஒத்துக்கொண்டார்.

படுத்த கோடு சாக்கடையிலும் இல்லை, குட்டையிலும் இல்லை. வெயில் படுகிற சுத்தமான தண்ணீரில்தான் இருந்தது. புதர் மூடின இடத்தில் எத்தனை தடவை மொண்டாலும் சிலேட்டு வெறுமையாகவே இருந்தது. புதரை வெட்டி வெயில் விழவைத்தபோது காய்ச்சலுக்கு வழி திறந்துவிட்டது நாங்கள்தான். சாமிக்கென்று பெருக்கித் துடைத்த இடத்திலேயே எங்கள் பிள்ளைகளுக்கு நோய் பிறந்திருக்கிறது. இதை அவர் ஆபீசில் வந்து சொன்னார்.

தான் ஒருத்தி சொன்னால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அந்த வருஷ வைகாசியிலேயே அக்கம்பக்கத்துத் தோட்டத்து வாத்தியார்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். ஒரு சனிக்கிழமை அவர்களுடைய பிள்ளைகளோடு வர வேண்டும், எங்கள் பிள்ளைகள் ஓடையைக் காட்டுவார்கள் என்று சேதி. உலு திராம் பக்கத்திலிருந்துகூட ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். ஆறு வாத்தியார்கள். ஆறு பேரும் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. ஏதோ விழா, மாலை போடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. அவர்களில் மூத்தவர், "நாற்காலி எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"நாற்காலி இல்லீங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிங்க. தண்ணியில எறங்கணும்."

"பாடத்துல இது எங்க வருது?"

"பாடத்துக்கு வர்ற பிள்ளைங்க காய்ச்சல்ல போவுதுங்களே, அதுல வருது" என்றார் வாத்தியாரம்மா.

ஒவ்வொரு வாத்தியாருக்கும் எங்கள் பிள்ளை ஒன்றைத் துணை சேர்த்து, கையில் ஒரு வெள்ளைக் குவளையும் கொடுத்து ஓடையில் இறக்கிவிட்டார். எனக்கும் விதிவிலக்கு இல்லை. அட்டை கடித்து ஒருவர் கத்தினார். இன்னொருவர் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தே போனார். மூத்த வாத்தியார் புதரடியில் இருபது தடவை மொண்டு ஒன்றும் காணாமல், வெட்டின இடத்துக்கு வந்து முதல் குவளையிலேயே படுத்த புழுவைக் கண்டார். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம், "இது அதுதானா?" என்று பணிவாகக் கேட்டார். "ஆமாங்க ஐயா. கோடு போட்டுக்கிங்க" என்றாள் அவள். போகும்போது அவர் போட்டிருந்த கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, தங்கள் தோட்டத்திலும் இதைச் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினார்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் கோயிலில் கூட்டம் கூடியது. இந்த வருஷம் ஊற்றங்கரையை வெட்டக் கூடாது, கரகத்தைப் புதருக்குள் ஒற்றையடிப் பாதையில் கொண்டுவரலாம் என்று வாத்தியாரம்மா சொன்னார். நோட்டைப் பிரித்துக் காட்டினார். கங்காணி அதை வாங்கவில்லை.

"ஆத்தாவ முள்ளுக்குள்ளாற நடத்திக் கூட்டியாரச் சொல்றியாம்மா?"

"பிள்ளைங்க நல்லா இருந்தா ஆத்தா முள்ளுல நடக்க மாட்டாளா, கங்காணி?"

கூட்டத்தில் இருந்த பொம்பளைகள் தலையாட்டினார்கள். கங்காணி திரும்பி அவர்களைப் பார்த்தார். கடைசியில், "சரி. வெட்டல. ஆனா காய்ச்சல் வந்துச்சுன்னா அது ஆத்தா கோவம்தான். அன்னிக்கே கரைய மொட்டை அடிச்சிருவேன். நீயும் தோட்டத்த விட்டுப் போயிரணும்" என்றார்.

"போயிடுறேன்" என்றார் அவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான்தான் பதறிப்போய், ஊருக்குத் திரும்பினால் யார் இருக்கிறார்கள் என்று தனியாகக் கேட்டேன். "யாரும் இல்ல" என்றார். அவ்வளவுதான் பதில்.

கரகம் அந்த வருஷம் பெரணிக்குள் புகுந்து வந்தது. கரகம் எடுத்தவருக்குத் தோளெல்லாம் கீறல். உடுக்கைக்காரர் வேர் தடுக்கி இரண்டு முறை விழுந்தார். ஆனால் கரகம் ஆடாமல் இறங்கியது. வைகாசி பிறந்தது. தினமும் காலையில் டிரஸ்ஸர் வாசலை எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஓடைக்கரைக் கீழ் லயங்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

பத்து நாள் கழித்து மேட்டு லயத்தில் ஒரு பிள்ளை விழுந்தது. அந்த வாரத்துக்குள் ஏழு வீட்டில் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற லயம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காணி ஆட்களோடும் வெட்டுக்கத்திகளோடும் ஊற்றங்கரைக்கு ஏறினார். வாத்தியாரம்மா அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். யாரையும் தடுக்கவில்லை. "வெட்டுறதுக்கு முன்னாடி நீங்களே மொண்டு பாத்துடுங்க" என்று குவளைக் கம்பைக் கங்காணியிடம் நீட்டினார். கங்காணி மொண்டார். ஒன்றும் இல்லை. கீழே, மேலே, கல்லிடுக்கில், எல்லா இடத்திலும் மொண்டார். அவர் பிடிவாதக்காரர். முக்கால் மணி நேரம் விடவில்லை. ஒரு புழு இல்லை.

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றார். கோபம் போய் அந்தக் குரலில் குழப்பம்தான் இருந்தது.

வாத்தியாரம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். "இன்னும் ஒரு எடம் பாக்கல. வாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். கத்தியும் கையுமாகக் கூட்டம் பின்னால் வந்தது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் போனார். திருவிழா முடிந்த கையோடு பிள்ளைகளைக் கொண்டு அங்கே அவர் ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். புதரை எடுத்து, மேட்டில் கசிகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, வெண்டையும் கீரையும் வைத்திருந்தார்கள். விதை முளைப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று செய்தது. துரைகூட வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போயிருந்தார். நல்ல வெயில் விழுகிற இடம். சுத்தமான தண்ணீர்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வாய்க்காலை நினைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் புத்தி இல்லை. ஊற்று சுத்தம், வெட்டிப் பயன் இல்லை, எங்கிருந்தோ வந்தது என்று கூட்டம் கலைந்து போயிருக்கும். அவர் கங்காணியின் கையிலிருந்து கம்பை வாங்கி, வாய்க்காலில் ஒரு தடவை மொண்டார். குவளையைப் பார்த்தார். பிறகு அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். படுத்த புழுக்கள் ஐந்தாறு மிதந்தன.

"என் தோட்டம்" என்றார். "ஊத்த மட்டும் பாத்தேன். இத பாக்கல. நான் வெட்டுன வாய்க்கால்லேருந்துதான் அந்த ஏழு வீட்டுக்கும் போயிருக்கு."

கங்காணி குவளைக்குள் எட்டிப் பார்த்தார். "வாக்குக் குடுத்தியேம்மா" என்றார்.

"குடுத்தேன். போயிடுறேன். ஆனா அந்த ஏழு வீட்டுலயும் நானே போய்ச் சொல்லிட்டுத்தான் போவேன்."

குவளையைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு நடந்தார். நான் தடுத்துப் பார்த்தேன். டிரஸ்ஸர் சொல்லிக்கொள்வார், கொய்னா மாத்திரை கொடுக்கிறோம், பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும், நீங்கள் போனால் அடித்துவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வீட்டில் ஒரு கிழவர் அழுதார். இரண்டாவது வீட்டில் மூஞ்சியில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினார்கள். சாத்தின கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக இல்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்து மேய்ச்சல் என்று சிரித்தவன் நான்.

மூன்றாவது வீட்டில் களை வெட்டுகிற பெண் ஒருத்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். வாத்தியாரம்மா குனிந்து குவளையை அவள் முன்னால் நீட்டி, "இது என் வாய்க்கால்ல வளந்தது. உன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்னாலதான் வந்துச்சு" என்றார்.

அவள் புழுவைப் பார்த்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கங்காணியையும் பார்த்தாள்.

"வாய்க்கால மூடியாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. சொல்லிட்டு வந்து மூடலாம்னு..."

"சொல்றது அப்பறம் இருக்கட்டும். மொதல்ல போய் மூடு. நாங்களும் வர்றோம்." பிள்ளையை மாமியார் மடிக்கு மாற்றிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். "அப்பறம் கங்காணி, இந்தம்மா போவுமா இருக்குமாங்கறத நாங்க பாத்துக்கறோம். எங்க பிள்ளைங்கதானே படுத்துக் கெடக்குது."

கங்காணி கத்தி பிடித்திருந்த தன் ஆட்களைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, "வாங்கம்மா, போகலாம்" என்றேன்.

அவர் அடுத்த வாசலுக்குத் திரும்பினார்.

"நீங்க போய் மூடுங்க, கிராணி" என்றார். "எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."